வீட்டில் கட்டும் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்கும் ரெய்டும்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்கு வந்தார்கள். அந்தக் கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவின் எண்ணைத் தேடிப் பிடித்து ஸ்கேன் செய்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. ஆயா பாடிய தாலாட்டைக் கேசட்டிலிருந்து மாற்றியவர்கள், கல்யாண விஎச்எஸ் டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவை வருடாவருடம் படம் எடுத்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். இதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு லேப்டாப்பிலோ அலமாரியில் கிடக்கும் ஒரு யூஎஸ்பி டிஸ்கிலோதான் இருக்கிறது. அந்த டிஸ்க் போனால் குடும்ப வரலாறும் அதோடு போய்விடும்.

அதனால் புதிதாகக் கம்ப்யூட்டர் கட்டுபவர்களுக்கு, முக்கியமாகச் சேமிப்புக்காகக் கட்டுபவர்களுக்கு, இதை விரிவாகவே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றுபோல வேலை செய்ய வைக்கும் ரெய்டை அமைப்பது அரை மணி நேர வேலைதான். அது நிஜமாகவே காப்பாற்றுமா என்று சோதித்துப் பார்ப்பதுதான் பெரிய வேலை. அந்தச் சோதனையை டிஸ்க் காலியாக இருக்கும்போதே, குடும்பத் தொகுப்பை ஏற்றுவதற்கு முன், சில நகல்களை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும். பலர் இந்த ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். கீழே வரும் எதைத் தவிர்த்தாலும் இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

எவ்வளவு இடம், எந்த ரெய்ட்

முதலில் கணக்கு. விஎச்எஸ் டேப்பை டிவி (DV) என்னும் டிஜிட்டல் வீடியோ ஃபார்மேட்டில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். நாற்பது மணி நேரக் கல்யாண வீடியோ என்றால் 520 ஜிபி. 6-க்கு 4 அங்குலப் புகைப்படம் ஒன்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து டிஃப் ஃபைலாக வைத்தால் கிட்டத்தட்ட 26 எம்பி. 5,000 படங்களுக்கு 130 ஜிபி. இவற்றோடு வீட்டில் எல்லோருடைய போன் படங்களையும் சேர்த்தாலும் பல குடும்பங்களுக்கு 4 டிபி தாராளம். 4 டிபி டிஸ்கை விண்டோஸ் 3.63 என்று காட்டும், பயப்பட வேண்டாம். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1,024-ஆகக் கணக்கிடுகிறது. வேறு எதுவும் குறையவில்லை.

ரெய்ட் என்ற யோசனை 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் பரவியது. விலை குறைந்த பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரு பெரிய, நம்பகமான டிஸ்காகப் பயன்படுத்துவதுதான் அதன் அடிப்படை. அதில் பல வகைகள் வந்துவிட்டன, ஆனால் வீட்டுக்குத் தேவையானவை கொஞ்சம்தான்.

ரெய்ட் 0 தகவலைத் துண்டு போட்டு இரண்டு டிஸ்கிலும் பரப்பும். வேகம் கூடும், ஆனால் இரண்டில் எது போனாலும் எல்லாமே போய்விடும். குடும்பப் படங்களுக்கு இதை நினைக்கவே கூடாது. ரெய்ட் 1 என்பது மிரர். இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவல், ஒன்று செத்தால் மற்றது அப்படியே வேலை செய்யும். விலையாகப் பாதி இடத்தைக் கொடுக்கிறீர்கள். ரெய்ட் 5-க்குக் குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டி என்னும் சரிபார்ப்புத் தகவலுக்குப் போகும். ரெய்ட் 6 இரண்டு டிஸ்க் ஒரே சமயத்தில் போனாலும் தாங்கும், அதற்கு நான்கு வேண்டும். ரெய்ட் 10-க்கும் நான்கு. இரண்டு மிரர்களை ரெய்ட் 0 போல இணைப்பது அது.

வீட்டுக்கு என் பரிந்துரை ரெய்ட் 1 தான். இடம் அதிகம் கிடைக்கிறதே என்று ரெய்ட் 5 பலரை இழுக்கும். அதில் இருக்கும் சிக்கலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு டிஸ்க் செத்தபின் புதியதைப் போட்டால், மிச்சமுள்ள எல்லா டிஸ்குகளையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துத்தான் விடுபட்டதை மீண்டும் கணக்கிட முடியும். வீட்டு டிஸ்குகளின் குறிப்பேட்டில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு வாசிப்புப் பிழை வரலாம் என்று போட்டிருக்கும். அது சுமார் 12.5 டிபி. நடைமுறையில் பல டிஸ்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்ளும். ஆனாலும் 4 டிபி டிஸ்க் நான்கு போட்ட ரெய்ட் 5-ல் ஒன்றை மாற்றும்போது 12 டிபியைப் பிழையில்லாமல் படித்தாக வேண்டும், அதுவும் எல்லாம் ஒரே வயதுள்ள டிஸ்குகளாக இருக்கும் நேரத்தில். மிரரில் படிக்க வேண்டியது 4 டிபி மட்டும். இன்னொன்று, ரெய்ட் 5-ல் தகவலும் பாரிட்டியும் தனித்தனியாக எழுதப்படுகின்றன. நடுவில் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாமல் நின்றுவிடலாம். ரைட் ஹோல் என்று இதைச் சொல்வார்கள். மின்சாரத்தை நம்ப முடியாத ஊரில் இது பெரிய குறை.

இடம் போதாவிட்டால் டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடப் பெரிய டிஸ்க் இரண்டு வாங்கி மிரர் போடுவது நல்லது.

டிஸ்க் வாங்கும்போது

ஹார்ட் டிஸ்குகளில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று எழுதும் முறை இரண்டு. சிஎம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றின்மேல் ஒன்று விழும்படி எழுதப்படும். இடம் மிச்சம், ஆனால் ஓர் இடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்திலிருப்பவற்றையும் திரும்ப எழுத வேண்டும். ரெய்டை மறுபடி கட்டும்போது இது மணிக்கணக்கான வேலையை நாள்கணக்காக்கிவிடலாம். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில டிஸ்குகள் எஸ்எம்ஆர் என்பது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அதன்பின் அந்த நிறுவனம் சிஎம்ஆர் டிஸ்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தது. நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) என்று டிஸ்கின் பெட்டியில் போட்டிருந்தாலே போதும் என்று நினைக்காமல், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் சிஎம்ஆர் தானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நாஸ் டிஸ்கில் இன்னொரு நன்மை உண்டு. படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் சாதாரண டிஸ்க் விடாப்பிடியாக நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும், ரெய்ட் அதை இறந்துவிட்டதாக நினைத்து வெளியே தள்ளிவிடும். நாஸ் டிஸ்க் சுமார் ஏழு விநாடியில் முயற்சியை நிறுத்திப் பிழையைச் சொல்லிவிடும். அந்த இடத்தின் தகவலை ரெய்ட் மற்ற டிஸ்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இரண்டு டிஸ்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல் இருப்பது நல்லது. ஒரே தொகுப்பில் வந்தவற்றில் ஒரே குறை இருக்கலாம், ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போகவும் வாய்ப்புண்டு. ஒன்றை டர்பனில் ஒரு கடையில் வாங்கினால் மற்றதை ஆன்லைனில் வேறொரு கடையில் வாங்குங்கள். அளவு ஒன்றாக இருந்தால் போதும், தயாரிப்பாளர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. பில்லை பத்திரமாக வையுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது பணமா, வேறு பொருளா, பழுதுபார்ப்பா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. தயாரிப்பாளரின் வாரண்டி அதற்கு மேல்.

விண்டோஸை ஏற்ற, சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்கான எஸ்எஸ்டி ஒன்று தனியாக வேண்டும், மதர்போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகையில் 500 ஜிபி போதும். அதை ரெய்டில் சேர்க்க வேண்டாம். விண்டோஸ் போனால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், ஆயாவின் குரலை அப்படி ஏற்ற முடியாது.

கேஸுக்குள்

பவர் சப்ளை கேபிளில் தொடங்குகிறேன், டிஸ்கைப் புகைய வைக்கும் தவறு அங்கேதான் இருக்கிறது. கழற்றி மாட்டும் மாடுலர் பவர் சப்ளையின் கேபிள்கள் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் பவர் சப்ளையோடு சேரும் முனையில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொரு கம்பெனியுடையதில் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் ஒரே நொடியில் எரிந்துவிடலாம். ஒரே கம்பெனியின் வேறு மாடலுக்கும் இதே எச்சரிக்கை. பவர் சப்ளையை மாற்றினால் அதன் கேபிள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பிலிருந்து இன்றைய டிஸ்குகளின் சாட்டா இணைப்புக்கு மாற்றும் மலிவான அச்சு வார்ப்பு அடாப்டரும் வேண்டாம், அவை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்ததுண்டு.

அடுத்து மதர்போர்டு கையேட்டில் ஒரு பக்கத்தைத் தேடிப் பாருங்கள். பல போர்டுகளில் எம்.2 சாக்கெட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். எந்த எம்.2-க்கு எந்த சாட்டா போர்ட் என்பது அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும். இது தெரியாமல் டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

டிஸ்கை மாட்டும் முன் அதன் மேலே இருக்கும் சீரியல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நான்கு எழுத்துகளைச் சிறிய ஸ்டிக்கரில் எழுதி, மாட்டிய பின்னும் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் ஒட்டுங்கள். பின்னால் ஒருநாள் விண்டோஸ் இந்தச் சீரியல் எண்ணுள்ள டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லும்போது, கேஸுக்குள் ஒன்றுபோல இருக்கும் இரண்டு டிஸ்கில் எதைக் கழற்றுவது என்ற கேள்வி வரும். நல்லதைக் கழற்றிவிட்டுச் செத்ததை விட்டுவைத்தவர்களின் கதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

இரண்டு டிஸ்கும் ஒட்டி இராமல் நடுவில் ஓர் இடம் விட்டு மாட்டுங்கள், முன்பக்க ஃபேன் காற்று அவற்றின் மேல் பட வேண்டும். டர்பனின் ஜனவரி வெக்கையில் இது முக்கியம். 45 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. கடற்கரைக்குப் பக்கத்து வீடென்றால் உப்புக் காற்று இணைப்புகளில் பூத்துவிடும், கம்ப்யூட்டரை ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். ஸ்க்ரூ விஷயத்தில் ஒன்று: 3.5 அங்குல டிஸ்குக்குத் தடித்த மரை, 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு மெல்லிய எம்3 மரை. மாற்றிப் போட்டு இறுக்கினால் மரை போய்விடும்.

பயாஸ், பிறகு விண்டோஸ்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திறக்கக்கூடிய மதர்போர்டு அமைப்புத் திரையான பயாஸில் சாட்டா மோட் ஏஹெச்சிஐ என்று இருக்க வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் அப்படித்தான் வரும். அங்கேயே ரெய்ட் என்றும் ஒரு தேர்வு இருக்கும். இன்டெல் போர்டில் ஆர்எஸ்டி, ஏஎம்டி போர்டில் ரெய்ட்எக்ஸ்பெர்ட் என்று பெயர். அதைத் தொட வேண்டாம் என்பேன். மதர்போர்டு ரெய்ட் என்றாலும் கணக்கு போடுவது உங்கள் பிராசசரும் டிரைவரும்தான், தனி சிப் எதுவும் கிடையாது. வேகத்தில் பெரிய லாபம் இல்லை. மதர்போர்டு ஐந்து வருடம் கழித்துப் போனால் அதே வகைப் போர்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். விண்டோஸ் தானே செய்யும் மிரரை அதே பதிப்போ புதியதோ உள்ள எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அது அடையாளம் கண்டுகொள்ளும்.

விண்டோஸ் ஏற்றும்போது இரண்டு ஹார்ட் டிஸ்கின் சாட்டா டேட்டா கேபிளையும் கழற்றிவிடுங்கள். எஸ்எஸ்டி மட்டும் இணைந்திருக்கட்டும். எல்லாம் இணைந்திருந்தால், விண்டோஸ் எஸ்எஸ்டியில் ஏறினாலும் பூட் ஆவதற்கான சிறிய பகுதி ஹார்ட் டிஸ்கில் போய் உட்கார்ந்துவிடுவதுண்டு. பிறகு அந்த டிஸ்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. விண்டோஸ் ஏறி அப்டேட் எல்லாம் முடிந்தபின் அணைத்துவிட்டு டிஸ்குகளை மாட்டுங்கள்.

புதிய டிஸ்கையும் சோதிக்க வேண்டும்

டிஸ்குகள் பிறந்த புதிதில் கொஞ்சம், வயதான பின் அதிகம் சாகும். பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க் நல்லதென்று நம்பாதீர்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஏற்றிப் பாருங்கள். பவர் ஆன் ஹவர்ஸ் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். புதிது என்று வாங்கிய டிஸ்கில் ஆயிரக்கணக்கில் காட்டினால் அது பழைய சரக்கு, திருப்பிக் கொடுங்கள்.

பிறகு தயாரிப்பாளர் தரும் சோதனை மென்பொருளில் நீண்ட சோதனையை, டிஸ்க் முழுவதையும் படிக்கும் சோதனையை, ஓட விடுங்கள். 4 டிபி டிஸ்கை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தால் ஏழரை மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். முடிந்ததும் டிஸ்கின் கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் மூன்று எண்களைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர்ஸ், கரண்ட் பெண்டிங் செக்டர்ஸ், அன்கரெக்டபிள் செக்டர்ஸ் மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். புதிய டிஸ்கில் ஒன்று கூடினாலும் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். கேபிள் வழியே தகவல் போகும்போது நேரும் சிஆர்சி பிழை ஏறினால் மட்டும் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள், அது பெரும்பாலும் சாட்டா கேபிளின் தப்பு. கேபிளை மாற்றினால் எண் குறையாது, ஆனால் மேலே ஏறுவது நின்றுவிடும்.

மிரர் அமைப்பது

விண்டோஸில் இரண்டு வழி உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்டில் இருக்கும் பழைய மிரர் விண்டோஸ் புரோவில்தான் வேலை செய்யும். ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற வசதி விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் உண்டு, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கண்ட்ரோல் பேனலில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்று தேடித் திறங்கள். கிரியேட் எ நியூ பூல் அண்ட் ஸ்டோரேஜ் ஸ்பேஸ் என்பதை அழுத்தினால் இணைந்துள்ள டிஸ்குகளைக் காட்டும். இரண்டு ஹார்ட் டிஸ்கை மட்டும் தேர்ந்தெடுங்கள், தேர்ந்தெடுத்ததில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். வேறு யூஎஸ்பி டிஸ்க் எதுவும் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். இப்படிச் சேரும் டிஸ்க் தொகுப்புக்குத்தான் பூல் என்று பெயர். கிரியேட் பூல் அழுத்தினால் அடுத்த பக்கம் வரும். பெயர் கொடுங்கள், டிரைவ் எழுத்து தேர்ந்தெடுங்கள், ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ். ரெசிலியன்சி டைப் என்ற இடத்தில் டூ-வே மிரர் என்று இருக்க வேண்டும். சிம்பிள் என்று விட்டுவிட்டால் அது ரெய்ட் 0 மாதிரிதான், பாதுகாப்பே கிடையாது. த்ரீ-வே மிரருக்குக் குறைந்தது ஐந்து டிஸ்க் கேட்கும், பாரிட்டிக்கு மூன்று. அளவு என்ற கட்டத்தில் விண்டோஸ் தானாகப் போடும் எண்ணை அப்படியே விடுங்கள். உண்மையில் இல்லாத அளவைக்கூட எழுத அது அனுமதிக்கும், ஆனால் பிறகு டிஸ்க் நிரம்பும்போது எழுதமுடியாமல் தடுமாறும். கடைசியாகக் கிரியேட் ஸ்டோரேஜ் ஸ்பேஸ் அழுத்தினால் வேலை முடிந்தது.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்கின் பாலிசிஸ் பக்கத்தில், ரைட் கேஷ் பஃபர் ஃப்ளஷிங்கை அணைக்கும் ஒரு கட்டம் இருக்கும். வேகத்துக்காக அதை டிக் செய்யச் சொல்லும் ஆலோசனைகளைப் பின்பற்றாதீர்கள். கரண்ட் போகும் நொடியில் எழுதியதாக விண்டோஸ் நினைத்தது டிஸ்கில் இல்லாமல் போய்விடும்.

லினக்ஸ் பழகியவர்களுக்கு வேறு நல்ல வழிகள் உண்டு. ஓப்பன் மீடியா வால்ட் என்ற நாஸ் மென்பொருளை ஏற்றினால் பிரவுசரிலேயே மிரர் அமைத்து, வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் நாஸ் ஆக்கிவிடலாம். இன்னொரு நாஸ் மென்பொருளான ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் தகவலின் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருக்கும். சாதாரண மிரரில் இரண்டு பிரதியும் வேறுபட்டால் எது சரி என்று தெரியாது. இசட்எஃப்எஸுக்குத் தெரியும், கெட்ட பிரதியை நல்லதிலிருந்து சரிசெய்யவும் செய்யும். குடும்பக் காப்பகம் ஒன்றை நீண்ட காலத்துக்கு நடத்த நினைப்பவர்கள் இதைக் கற்றுக்கொள்வது வீண் போகாது.

ஒத்திகை

இப்போதுதான் முக்கியமான வேலை. நான்கைந்து படங்களும் ஒரு வீடியோவும் நகலெடுத்து மிரரில் போடுங்கள். அசல் வேறு இடத்தில் இருக்கட்டும். கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, சுவரில் சுவிட்சையும் அணையுங்கள். ஸ்டிக்கரைப் பார்த்து ஒரு டிஸ்கின் டேட்டா கேபிளைக் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்யுங்கள்.

ஸ்டோரேஜ் ஸ்பேசஸைத் திறந்தால் எச்சரிக்கை தெரியும், டிஸ்க் காணவில்லை என்று சொல்லும். டிரைவ் எழுத்து அப்படியே இருக்கும், படங்கள் திறக்கும். அந்த எச்சரிக்கையில் எந்தச் சீரியல் எண் காட்டுகிறது என்று பாருங்கள், உங்கள் ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா? புதிதாக ஒரு ஃபைல் எழுதுங்கள். பிறகு அணைத்து, கேபிளை மாட்டி, ஆன் செய்து, மிரர் தன்னைச் சரிசெய்து முடிக்கும் வரை காத்திருங்கள். அடுத்து இரண்டாவது டிஸ்கைக் கழற்றி இதே மாதிரி செய்யுங்கள். முதலாவது கழன்றிருந்தபோது எழுதிய ஃபைல் இப்போது அதிலிருந்தும் திறக்கிறதா என்று பார்ப்பதுதான் இதில் முக்கியம். திறந்தால் சரிசெய்யும் வேலை உண்மையாகவே நடந்திருக்கிறது.

இதையெல்லாம் அமைதியான ஒரு சனிக்கிழமை செய்து பார்த்தவருக்கு, நிஜமாக டிஸ்க் சாகும் நாளில் கை நடுங்காது. எந்தத் திரை வரும், எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரிந்திருக்கும். வீட்டில் இன்னொருவரையும், மகளையோ தம்பியையோ, பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் அவர் இல்லாத நாளில் என்ன செய்வது?

மின்சாரம்

2023-ல் வருடத்தின் பெரும்பாலான நாட்கள் லோட் ஷெடிங் இருந்தது, ஸ்டேஜ் 6 வரை பலமுறை போனது. 2024 மார்ச் 26-லிருந்து நீண்ட காலம் அது இல்லாமல் இருந்தது, 2025 ஜனவரி கடைசியில் திரும்ப வந்தது. லோட் ஷெடிங் இல்லாவிட்டாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது, கோடை இடி மின்னல் எல்லாம் இருக்கின்றன. லெனேசியா பக்கம் ஹைவெல்ட் மின்னலைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட் போவதைவிடத் திரும்ப வரும் நொடிதான் ஆபத்து. அப்போது மின்னழுத்தம் தாவும். அதனால் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் லைன் இன்டராக்டிவ் வகை யூபிஎஸ் ஒன்று, யூஎஸ்பி கேபிளோடு, இந்தக் கம்ப்யூட்டருக்குக் கட்டாயம். அந்த யூஎஸ்பி கேபிளைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை மாட்டி, பேட்டரி பாதியானதும் கம்ப்யூட்டர் தானாக அணையும்படி அமைத்தால்தான் யூபிஎஸ் முழுப் பயனைத் தரும். நீங்கள் கோயிலில் இருக்கும்போதுதான் கரண்ட் போகும். சைன் வேவ் தரும் யூபிஎஸ் வாங்குவது நல்லது, மற்றவற்றில் சில நல்ல பவர் சப்ளைகள் அணைந்துவிடும்.

வீட்டுக்கே இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் போட்டிருப்பவர்கள் யூபிஎஸ் எதற்கு என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் தாங்கும் நேரம் சுமார் 16 மில்லிசெகண்ட். பல இன்வெர்ட்டர்கள் யூபிஎஸ் மோடில் சுமார் 10, அப்ளையன்ஸ் மோடில் சுமார் 20 மில்லிசெகண்டில் மாறும். அப்ளையன்ஸ் மோடில் விட்டிருந்தால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் விழுந்துவிடலாம். அந்த அமைப்பை மாற்றுங்கள், சிறிய யூபிஎஸ் ஒன்றையும் நடுவில் வையுங்கள். பெரிய இடி வரும்போது பிளக்கைப் பிடுங்குவதற்கு இணையான பாதுகாப்பு எதுவும் இல்லை, நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து.

மிரர் எதையெல்லாம் காப்பாற்றாது

டிஸ்க் சாவதிலிருந்து மட்டும்தான் ரெய்ட் காப்பாற்றும். ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் இரண்டையும் பூட்டும். திருடன் கேஸையே தூக்கிப் போனால் இரண்டும் போகும். 2022 ஏப்ரலில் டர்பனையும் சுற்றுப்புறங்களையும் மூழ்கடித்த வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, வீடுகள் மண்ணோடு சரிந்தன. 2024 ஜூன் 3 அன்று டொங்காட்டில் சுழற்காற்று கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரே மேசைக்கு அடியிலிருக்கும் இரண்டு பிரதியும் ஒரே பிரதிதான்.

அதனால் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. மிரரில் இருப்பதை ஒரு பிரதியாகத்தான் எண்ண வேண்டும். இரண்டாவதுக்கு 4 டிபி யூஎஸ்பி டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை மாட்டி நகலெடுத்துவிட்டு உடனே கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேருக்கு அதுவும் இரைதான். மூன்றாவது டிஸ்க் சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர்களுக்கு ஃபீனிக்ஸில் அக்கா வீட்டிலோ, ஜோஹன்னஸ்பர்கில் பெரியப்பா வீட்டிலோ இருக்கட்டும். புரட்டாசி, தீபாவளி, காவடி என்று குடும்பம் கூடும்போதெல்லாம் வீட்டிலிருக்கும் யூஎஸ்பி டிஸ்கோடு அதை மாற்றிக்கொள்ளலாம். வெளியே போகும் டிஸ்கை விண்டோஸ் புரோவில் இருக்கும் பிட்லாக்கரால் பூட்டுங்கள், திறக்கும் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். ஹோம் பதிப்பில் வெளி டிஸ்கைப் பூட்டும் வசதி இல்லாததால், அதை வைத்திருப்பவர்கள் வெராகிரிப்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

கிளவுடும் நல்ல வழிதான். ஆனால் ஃபைபரில் ஏற்றும் வேகம் 25 எம்பிபிஎஸ் என்றால் ஒரு டிபி ஏறக் கிட்டத்தட்ட நான்கு நாள் இடைவிடாமல் ஓட வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றப் பார்க்காமல் கப்பல் பட்டியல், பழைய புகைப்படம், குரல் பதிவு ஆகிய மூன்றையும் முதலில் ஏற்றுங்கள். இவற்றுக்கு இடம் குறைவு, இழந்தால் திரும்பக் கிடைக்காதவையும் இவைதான்.

டிஸ்க் செத்தால்

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைக் கம்ப்யூட்டரோடு தானாகத் தொடங்கும்படி வைத்தால் செக்டர் எண்ணிக்கை ஏறும்போது எச்சரிக்கும். எச்சரிக்கை வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை டிஸ்கை மாற்றுவது அல்ல, யூஎஸ்பி டிஸ்கை மாட்டிக் கடைசி நகல் எடுப்பதுதான். மிரரை மறுபடி கட்டும்போது மிச்சமிருக்கும் ஒரே டிஸ்க் மணிக்கணக்கில் உழைக்க வேண்டும், அதுவும் போனால் நகல் மட்டுமே கைகொடுக்கும்.

நகல் எடுத்தபின் அணைத்து, ஸ்டிக்கரைப் பார்த்துச் செத்த டிஸ்கைக் கழற்றி, அதே அளவோ பெரியதோ ஆன புதிய டிஸ்கை மாட்டுங்கள். புதியதையும் முன்பு சொன்னபடி நீண்ட சோதனைக்கு உட்படுத்துங்கள். ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் ஆட் டிரைவ்ஸ் கொடுத்து அதைப் பூலில் சேர்த்தால் சரிசெய்தல் தொடங்கும். அது முழுதாக முடிந்தபின்தான் பட்டியலில் நிற்கும் பழைய டிஸ்கை ரிமூவ் செய்ய வேண்டும், அவசரப்பட்டு முதலில் செய்யாதீர்கள். கழற்றிய டிஸ்கில் உயிர் இருந்தால் வாரண்டிக்கு அனுப்பும் முன் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி முழுதாக அழித்துவிடுங்கள். எழுந்திருக்கவே மறுத்தால், அதிலிருக்கும் குடும்பத் தகவல் வெளியாள் கையில் போவதைவிட வாரண்டிப் பணத்தை விட்டுவிட்டு டிஸ்கைத் துளையிட்டுப் போடுவதா என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.